பாக்கி

மூக்கும் முழியுமான பெண்தான் என் அத்தை.
ஸ்டுடியோவுக்கு முழி மட்டும் போதுமாயிருந்தது.
மூக்கை என்ன செய்வதென்று
மூன்று நாள் கூடிப் பேசினார்கள்.
கடைசியில் ஒரு விளக்கை இடப்பக்கம் நகர்த்தினார்கள்.
நாற்பத்தாறு படங்களிலும்
அந்த விளக்கு அங்கேயே நின்றது.

பெயரையும் நகர்த்தினார்கள்.
சிரானுஷ் பாபுச்சியன்:
பாப்பாஸ் தைக்கிறவர் வீட்டுப் பிள்ளையென்று
பெயரே சொல்லிவிடும்.
தயாரிப்பாளர் மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.
டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
இனேஸ் லாரால்தே பிறந்தாள்,
பத்தொன்பது வயதோடு,
ஐந்து வருட ஒப்பந்தத்தோடு.

அவள் அப்பா ஹாகோப் அன்றோடு பேச்சை நிறுத்தினார்.
போனஸ் அயர்ஸில், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால்,
ஒற்றை ஜன்னல் வைத்த செருப்புக் கடை.
துருக்கியரிடமிருந்து தப்பிக் கப்பலேறிய ஆர்மீனியரைத்
தெருவே "துருக்கி" என்றுதான் கூப்பிட்டது;
பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரை அப்படி.
வாய் நிறைய ஆணி கவ்வியிருந்ததால்
அதற்கும் அவர் பதில் சொன்னதில்லை.

அத்தை ஆண்டலூசிய நாட்டியக்காரியானாள்,
ஜிப்ஸியானாள், இரண்டு முறை கன்னியாஸ்திரி,
ஒருமுறை சுல்தானின் அடிமைப்பெண்.
அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு குளிர்பெட்டி வந்தது.
ஹாகோப் அதில் பசை டப்பாக்களை அடுக்கிக்கொண்டார்.

பிறகு அந்தப் படம்.
துறைமுகத்தில் ஒரு அந்நியப் பெண்,
பிள்ளையைப் பறிகொடுத்தவள்,
தன் பாஷையில் கதற வேண்டும்.
எந்த பாஷை, என்று கேட்டாள் அத்தை.
ஏதாவது ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது,
என்றார் இயக்குநர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.
கேமரா ஓடியது.
கண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது.
வாயில் வந்ததோ
சனிக்கிழமை இரவுகளில் அப்பாவுக்கு உரக்கப் படித்துக்காட்டிய
நீல நோட்டு:

*ரொட்டிக்கடை லூச்சோ, இரண்டு அடித்தோல், நாலு பெசோ.
டீச்சரம்மா, குதிகால் ஒன்று, எண்பது சென்டாவோ.
டிராம் கண்டக்டர், பூட்ஸ், மூன்றரை.
வீட்டுக்கார அம்மாள், மூன்று முப்பது,
வாடகையில் கழிக்கச் சொல்கிறாள், கழிக்காதே.*

லவாயே தெருத் திரையரங்கில்
கைக்குட்டை இல்லாதவர்கள் சட்டைக்கையில் துடைத்தார்கள்.
பதினோராம் வரிசையில் மட்டும்
யாரோ வெடித்துச் சிரித்தார்.
டார்ச் விளக்கு வந்தது. மனசாட்சி இல்லையா என்றது.
தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்த ஆளின் விரலெல்லாம்
கறுப்பு மெழுகு.
மறுநாளும் டிக்கெட் வாங்கினார்.
அந்த இடம் வந்ததும்
தொப்பியைக் கடித்துக்கொண்டார்.

கடிதம் எழுதவில்லை.
அந்த மாதக் கடைசியில் ஸ்டுடியோ வாசலுக்கு
ஒரு ஜோடி காலணி போய்ச் சேர்ந்தது,
உள்ளே ஒரு ரசீதோடு.
முழு விலை. பெற்ற மகள் என்று
சல்லிக்காசு குறைக்கவில்லை.
அத்தை பணம் அனுப்பினாள், பத்து சென்டாவோ குறைத்து.
அதைக் கேட்க அவர் நேரில் போனார்.

நாற்பது வயதுக்குப் பிறகு
விளக்குகள் வேறு மூக்குகளைத் தேடிப் போயின.
தொலைக்காட்சித் தொடரில் கதவு திறக்கிறவள்.
சூப்புப் பொடி விளம்பரத்தில் ஒரு கரண்டி.
சாவு அறிவிப்பில் பிஸ்கட் டப்பாவின் பெயர்தான் வந்தது;
என் அப்பா திருத்தச் சொல்லி போன் செய்தார்,
எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

போன வாரம் அந்தப் படத்தைச் சுத்தம் செய்து
மறுபடி திரையிட்டார்கள்.
கீறல்கள் போயிருந்தன.
துறைமுகக் காட்சிக்குக் கீழே
புதிதாக எழுத்து ஓடியது:
*அவள் ஜெபிக்கிறாள்.*

பக்கத்து நாற்காலிப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.
நான் வாய்க்குள் கூட்டிப் பார்த்தேன்.
பதினொன்று அறுபது.
அதில் லூச்சோவின் நாலு
கடைசிவரை வரவே இல்லை.