ஐம்பது ஹெர்ட்ஸ்

முதல் இரண்டு மாத அறிக்கையில் ரோசமெல் ஒயர்சூனுக்கு
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
மெலின்காவுக்குத் தெற்கே, கடல்மேல் ஒரு மிதவை அறையில்
சால்மன் கூண்டுகளுக்கு இரவுக் காவல்.
பதினான்கு நாள் தண்ணீர், பதினான்கு நாள் கரை.
வயது நாற்பத்தேழு. வயலின் வாங்கி எட்டு வாரம்.

நான் புந்தா அரேனாஸில்,
காற்று ஜன்னலைப் பிடுங்கும் மூன்றாம் மாடியில்,
அவன் வாசிப்பதைக் கோடாகப் பார்க்கிறேன்.
சரியென்றால் பச்சை, பிசகினால் சிவப்பு.
தொடக்கக்காரர் என்று விளிம்பைத் தளர்த்தி வைத்தது நான்தான்.
செயற்கைக்கோள் ஏறி இறங்குவதற்குள்
அரை நொடி பழசாகிவிடும் அவன் ஓசை.
சேர்ந்து வாசிக்க வழியில்லை.
நான் வாசிப்பேன். காத்திருப்பேன்.
அவன் வாசிப்பான். காத்திருப்பான்.
நடுவில் கடற்சிங்கம் ஒன்று குரைக்கும்;
மென்பொருள் அதற்கும் மதிப்பெண் போடும்.

தொண்ணூற்றொன்று உறுத்தியது.
என் காதுக்கு அவன் நாற்பதைத் தாண்டவில்லை.
பதிவுகளைத் திறந்தேன்.
செவ்வாய், அதிகாலை மூன்று பத்திலிருந்து நாலு நாற்பது வரை
ஒரே சுரம். ஜி.
நடுக்கமில்லை. வில் திரும்பிய சுவடில்லை.
ஒன்றரை மணி நேரம் பச்சை.

கேட்டேன்.
அரை நொடி.
பிறகு இன்னோர் அரை நொடி, அது அவனுடையது.
"அப்போ தூங்கிட்டிருந்தேன், ப்ரோஃபே.
கணினியை அணைக்க மறந்துட்டேன்.
ஜெனரேட்டரா இருக்கும்."

சுவருக்கு அந்தப்புறம் ஒரு டீசல் ஜெனரேட்டர்
எட்டு வாரமாய் என் மாணவர்.
ஒருநாள் தவறாமல் வந்தவர், ஒரு சாக்கும் சொல்லாதவர்.

கோபத்தில் விளிம்பை இறுக்கினேன்.
இரைச்சல் வடிகட்டிப் பொத்தானை அமுக்கினேன்.
ஜெனரேட்டர் போயிற்று. கூடவே அவனில் பாதியும்.
தடித்த தந்தி முழுக்க அந்த முனகலோடுதான்
ஒட்டிக்கொண்டிருந்தது போலும்.
வில் அசைகிறது;
தகரத்தில் ஆணி இழுப்பதுபோல் ஏதோ வருகிறது.
பொத்தானை விட்டேன்.

"ரோசமெல், அதோடு சேர்த்து முறுக்குங்க."
"எதோட?"
"உங்க வகுப்புத் தோழரோட."

பிருடையைத் திருகினான்.
அதன் ஜி நம்முடையதைவிட ஒரு மயிரிழை மேலே.
இரண்டும் உரசி, விம்மி, அடித்துக்கொண்டன.
விம்மல் நீண்டது, இன்னும் நீண்டது,
நின்றது.
அவன் வில்லை எடுக்கவில்லை.
இதுநாள்வரை கோட்டையே பார்த்து வாசித்தவன்
கண்ணை மூடியிருந்தான்.

திரை முழுக்கச் சிவப்பு.
நூற்றுக்குப் பன்னிரண்டு.
என் தந்திகளையும் ஏற்றிக்கொண்டேன்,
ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் ஒரு டீசலுக்காக.
மேலிடத்துக்கு என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

ஆறு மணிக்கு மீன்தீனி ஊதும் இயந்திரங்கள் கிளம்பும்.
சுமை ஏறினால் ஜெனரேட்டர் தொய்யும், சுருதி வழுக்கும்.
இன்று காலை எச்சரிக்க வாயெடுத்தேன்.
வேண்டியிருக்கவில்லை.
எனக்கு வந்து சேர்ந்தபோது
அது நடந்து முடிந்திருந்தது:
மூன்றாம் விரல், ஓர் அரிசியளவு, கீழே,
இயந்திரத்தோடு கூடவே.

அப்போது திரை
தற்செயலாக
பச்சையானது.