விசிறிச் சத்தம்

கடை மேசையில்
இரண்டையும் எரியவிட்டார் ஹம்சாக்கா.
ஒன்றில் நாலு சேனல், அகலத் திரை,
ஆயிரத்து நூறு திர்ஹம்.
குமிழைத் திருப்பினால்
யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது அலை.
மற்றதில் இரண்டே சேனல். இருநூறு கூடுதல்.
ஆனால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குமிழ்,
போர்டிலிருந்து கண்ணெடுக்காமல் திருப்பலாம்.

"ரெண்டு சேனல் சும்மா வருதல்லோ" என்றார்.
ஏசியை ஒரு நிமிடம் அணைக்கச் சொன்னேன்.
ரோலாவின் ஜூலை உள்ளே வந்து நின்றது.
காது வைத்தேன்.
மலிவானதன் விசிறி சீறியது.

ஆறு கட்டில் அறை எங்களுடையது.
இப்போது வெள்ளி காலை.
இரவு ஷிப்ட் முடித்த சகாயம் மேல்கட்டிலில்.
கீழே நான்,
யாரோ வீசிய இன்வெர்ட்டர் போர்டு,
எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் முள்ளுக்கு
ட்ரிகர் வைத்துக் காத்திருக்கிறேன்.

அவன் புரண்டு படுக்கிறான்.
திரையில் இன்னும் நேர்கோடு.