ஈரப்பதக் கழிவு

முதல் தடவை என்பதால்
பொட்டலத்தில் இருந்த விதையெல்லாம்
ஒரே சாக்கில் கொட்டிவிட்டேன்.
நாற்பது கத்தரி நாற்று,
காலை பஸ் படிக்கட்டுக் கூட்டம்போல
ஒன்றின் தோளில் ஒன்று.
பிடுங்க மனசு வரவில்லை.
பிடுங்காததால் முப்பத்தாறு செத்தன.

புதுவயலில் மாடி அறைக்கு வாடகை கம்மி.
தண்ணீர் கீழேதான்,
அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.
இருபத்திரண்டு படி, இடுப்பில் குடம்.
செம்மண் மூட்டை ஏற்றிய அன்று
வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:
"பூரணி, மாடி தாங்குமா?"
நான் தாங்குவேனா என்று யாரும் கேட்கவில்லை.

மயில் வந்தது.
என்ன அழகு என்று போனில் படம் எடுத்து முடிப்பதற்குள்
தக்காளிப் பிஞ்சு மூன்றை முடித்துவிட்டது.
ஆக, முருகன் எனக்கு
மூன்று தக்காளி பாக்கி.

கொல்லை நார்த்தை மட்டும்
கேட்காமலே மாடிக்குக் கிளை நீட்டியது.
சுருள் சுருளாய் அரிந்து, உப்பு அடைத்து,
ஜாடியில் போட்டு, தினமும் திறந்து திறந்து பார்த்து...
எட்டாம் நாள் வெள்ளையாய்ப் பஞ்சு பூத்தது.
எதிர்வீட்டு மும்தாஜ் மோந்து பார்த்துச் சொன்னாள்:
"நீ பயந்து பயந்து உப்புப் போட்டா
பூஞ்சை பயப்படாம வரும்டீ."

மிஞ்சிய நாலு செடியும்
மாசியில் காய்த்துத் தள்ளின.
நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அரைவேக்காடு வேகவிட்டு,
பழைய வேட்டியில் பரப்பினேன்.
பரப்புமுன் நிறுத்தேன். தொழில் புத்தி.
காய் ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது.
நாலு வெயில் கழித்து வற்றல்
நூற்று எழுபது கிராம்.

பதினொரு வருஷமாய்
ரைஸ் மில் எடைமேடையில் சீட்டு எழுதுகிறேன்.
மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
அடுத்த கட்டத்தில் கழிவு.
அந்தக் கட்டம் எவ்வளவு கனம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது:
காணாமல்போன ஆயிரத்து எழுநூற்று எழுபது கிராமும்
இந்த இடுப்பு சுமந்து ஏற்றியது.

மறுநாள் சாக்கோட்டையிலிருந்து டிராக்டர்.
அறுத்துக் கிடந்த நெல்லில் மழை பெய்துவிட்டதாம்.
மீட்டர் பத்தொன்பது புள்ளி நாலு காட்டியது.
"எம்புட்டுப் போகும்?" என்றார் சவரிமுத்து.
வழக்கமாய் நான் சீட்டைத்தான் நீட்டுவேன்.
அன்று பேனாவை மூடிவிட்டு,
"பின்னாடி சிமெண்டுக் களம் சும்மாதான் கிடக்கு,
வெயில் நல்லா இருக்கு" என்றேன்.

சாயங்காலம் பதினேழு.
வெயிலும் கழிக்கத்தான் செய்தது,
எடை குறைந்துதான் இருந்தது.
ஆனால் வெயில்
ஒன்றுக்கு ஒன்றரையாய்க் கழிப்பதில்லை.

களத்தைத் திறந்துவிட்டது யார் என்று
முதலாளி இரண்டு தரம் கேட்டார்.
இரண்டாம் தரம் நான்தான் என்றேன்.
நாளைக்குப் பேசுவோம் என்று போய்விட்டார்.

ராத்திரி வற்றல் பொரித்தேன்.
உப்பு! வாயில் வைக்க முடியவில்லை.
பயப்படாமல் போட்டதன் பலன்.
தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு
எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம்
அடுத்த வருஷத்துக்கென்று எழுதி
ஜாடிக்குள் போட்டு மூடினேன்:

உப்பு, ஒரு கை குறை.
நாற்று, பிடுங்கு.
மயில் வந்தால்
படம் எடுக்காதே.