எடைக்கூடம், காலை ஆறே முக்கால்

வார்தோ துறைமுகத்தில்
ஜனவரியின் காலையும் இரவுதான்.
பொத்தானை அமுக்குகிறேன்.
விசிறி இருமுகிறது, நிறுவனச் சின்னம் வந்து போகிறது,
கறுத்த திரையின் மேல் மூலையில்
ஒரு சிறு வெள்ளைக் கோடு
மினுக்கி, மினுக்கி
நிற்கிறது.

நான்கு நாளாக இதே இடம்.

வெளியே தூர்கெய்ரின் படகு,
வயிறு முட்டக் காட் மீன்.
கணக்கு ஏறாமல் ஒரு மீனும் கரையேறாது.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கையுறையை விரிக்கிறார்:
என்ன ஆச்சு?
உறைந்துவிட்டது என்கிறேன்.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு
யாரும் திடுக்கிடுவதில்லை.

முதல் நாள் சுவரிலிருந்தே பிடுங்கி
நூறு எண்ணினேன்.
மறுநாள் பக்கத் தகட்டைக் கழற்றி
நினைவகப் பட்டையை உருவி
மகளின் அழிரப்பரால் தேய்த்தேன்.
உள்ளே ஒரு மீன்செதில் கிடந்தது, எப்படிப் போனதோ.
நேற்று ஹேர் டிரையரால் சூடு காட்டினேன்.
என் விரல்கள் மட்டும் இளகின.
ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து போனில் பேசிய பையன்
புதுசு வாங்குங்க என்றான்,
எங்கள் பட்ஜெட்டைப் பார்க்காதவன்.

இன்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறேன்.
அச்சுப்பொறி. நிற்கிறது.
தராசின் கம்பி. நிற்கிறது.
மேசைக்கடியில் முழந்தாளிட்டு
பெட்டியின் முதுகைத் தடவுகையில்
தூசிக்குள் வெதுவெதுப்பாக ஏதோ.

ஹால்வாரின் பாட்டுக் கருவி.
தீப்பெட்டி அளவு.
வெள்ளிக்கிழமை எடுத்துக்கறேன் என்று
சார்ஜுக்குச் செருகிவிட்டுக் கப்பலேறியவன்.
எந்த வெள்ளி என்று நானும் கேட்கவில்லை.

இத்தனை வாரம் தொந்தரவில்லை.
போன ஞாயிறு புயலில் மின்சாரம் போனபோது
யாரிடம் முதலில் கேட்பது என்ற வரிசையை
இயந்திரம் மறந்திருக்கிறது.

உறையவில்லை அது.
விடிந்ததும் விடியாததுமாய் இவனிடம் போய்
எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறது.
நாற்பத்தோரு அக்கார்டியன் பாட்டு வைத்திருப்பவனுக்கு
அதெல்லாம் என்ன தெரியும்.
சொல்வான் சொல்வான் என்று நின்றிருக்கிறது.

பிடுங்கினேன்.
கோடு மறைந்தது. கடவுச்சொல் கேட்டது.
என் பெயரைச் சொல்லி வரவேற்கக்கூடச் செய்தது.

தூர்கெய்ர்: ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு கிலோ.
பெருமூச்சும் சேர்த்து என்றார்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின்
திரும்பச் செருகிவிட்டேன்.
இனி ஒன்றும் ஆகாது.
தொடங்கும்போது மட்டும்
அது இருக்கக் கூடாது,
அவ்வளவுதான்.