மாஞ்சா

இரண்டு ஐம்பதுக்கு இறங்கியது.
கேப்டன் சொன்னது இவ்வளவுதான்:
மூன்று நிமிடம் கந்தக வாடை,
முன்கண்ணாடியில் நீலமாய் ஏதோ ஊர்ந்தது,
ரேடாரில் ஒன்றுமில்லை.

ரேடாருக்கு மழை தெரியும்.
ஈரமில்லாத மேகம் தெரியாது.

மீனம்பாக்கம் ஹேங்கரில்
இடது என்ஜினின் சிறு மூடியைத் திருகி
போரோஸ்கோப்பை உள்ளே விடுகிறேன்,
வயிற்றுக்குள் குழாய் விடும்
ராயப்பேட்டை டாக்டர் மாதிரி.
தில்லைராஜ் கையால் சுழற்றுகிறான்.
ஒவ்வொரு பிளேடாக வந்து
முகம் காட்டிவிட்டுப் போகிறது.
எல்லாவற்றுக்கும் விளிம்பு தேய்ந்திருக்கிறது.

சாம்பல் என்கிறோம், வேறு சொல் இல்லாமல்.
அடுப்பில் அள்ளியதா இது?
நெற்றிக்கும் ஆகாது.
எங்கோ கிழக்கே
வாயில் நுழையாத பெயருள்ள ஒரு மலை
உருகி, வெடித்து, ஆறி
காற்றில் விட்ட கண்ணாடிப் பொடி.
ஆயிரத்து நூறு டிகிரியில் இளகும்.
டர்பைன் அதற்கு மேலும் சுடும்.
நுழையும்போது மணல்
அப்புறம் பாகு
அப்புறம், காற்று போகிற வழியெல்லாம்
ஓடு.

ஆகாயத்தில் கண்ணாடிப் பொடி
என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.
பேசின் பிரிட்ஜ் மேல், ஸ்கூட்டரில், ஒரு ஞாயிறு.
பட்டம் யாருடையதோ.
கழுத்தில் பதினொரு தையல்.
நூலை நான் பார்க்கவேயில்லை.

பதினேழாவது வேனில் படத்தை நிறுத்தினேன்.
வார்னிஷ் அடித்தாற்போல் ஒரு பளபளப்பு.
ஊசித்துளைகளில் ஆறு
மூடிக் கிடந்தன.

வேதநாயகம் சார் போனில்:
"ஓடித்தானே வந்துச்சு, ஜெசிந்தா?
ஆறு அஞ்சுக்கு நூத்தி எழுபத்துநாலு பேரு."

ஓடித்தான் வந்தது.
மூன்று நிமிடம் என்பதால் வந்தது.
நான்காவது நிமிடத்தைப் பற்றி
அவருக்கும் தெரியும்.
அதனால்தான் சத்தமாகப் பேசினார்.

வீரமெல்லாம் இல்லை.
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது
அதில் 'தகுதியில்லை' என்று எழுதினேன்.
பேனா ஒருமுறை எழுதவில்லை,
உதறிவிட்டு மறுபடி எழுதினேன்.

விடிந்து வெளியே வரும்போது
புறப்பாட்டு வாசலில் ஒரே கூச்சல்.
ஒருவர் கல்யாணப் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு
மேலே கைகாட்டிக் கேட்கிறார்,
"வானம் தெளிவாத்தானேய்யா இருக்கு?"

ஆமாம்.
தெளிவாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டர் கண்ணாடியில் ராத்திரித் தூசி.
உலர்ந்த துணியால் துடைத்தால் கீறும்.
பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினேன்.
துப்பட்டாவைக் கழுத்தில்
இரண்டு சுற்று இறுக்கிக்கொண்டு
ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினேன்.