ஒன்பது கட்டில்

மே கடைசியில்தான் பாதை திறந்தது.
சுக்திதியிலிருந்து ஆறு மணி நேரக் குலுக்கல்,
மடியில் வங்கிக் கோப்பு.
கெலாஷிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
சியூரி படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள்.
ஒன்பது வெள்ளை விரிப்புகள்,
அவற்றுக்குப் பின்னால் காக்கசஸ் பனி.
விரிப்புதான் கூடுதல் வெளுப்பு.

கடன்: பதினெட்டாயிரம் லரி.
நோக்கம்: மேல்தளம், ஆறு கட்டில், வெந்நீர்க் கொதிகலன்.
பிணை:
இங்கேதான் பேனா நின்றது.

'கோபுரம் இருக்கிறதே' என்றான் மூர்சகான்.
எண்ணூறு வருடக் கல்.
அரசாங்கச் சின்னம், அடகுக்கு வராது என்றேன்.
சிரித்தான்.
'பழிக்குப் பழி நடந்த காலத்தில்
எங்கள் ஆட்கள் உள்ளே ஏறி
ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள்.
எதிரிக்குக் கிடைக்காதது
வங்கிக்கும் கிடைக்காது. சரிதான்.'
இப்போது அதே ஏணியில் ஏற
ஆளுக்கு மூன்று லரி வாங்குகிறான்.

எதிர்வீட்டோடு இருந்த பகை
தாத்தன் காலத்திலேயே ஓய்ந்துவிட்டதாம்.
இப்போது கைபேசியில்
அவர்களுக்கு ஒன்பது புள்ளி நான்கு,
இவர்களுக்கு ஒன்பது புள்ளி ஒன்று.
போலந்துக்காரன் ஒருவன்
விடியலில் சேவல் கூவியதென்று
மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டான்.
முற்றத்தில் சேவலைக் காணோம்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
மத்தியானம் கோழிச்சாறு இருந்தது.

கணக்கைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதியிருந்தாள்.
ஜூலையும் ஆகஸ்டும் ஓரம்வரை வழிந்தன,
பெயர்களுக்குக் கீழே பெயர்கள்,
டச்சு, செக், இஸ்ரேல்.
செப்டம்பர் பாதிப் பக்கம்.
அப்புறம் ஏழு மாதம்
கோடு மட்டும் போட்ட தாள்.
மகன் ஜாபா வேன் ஓட்டுகிறான்,
பனியாறு பார்க்கப் போகிறவர்களுக்கு.
வேன் கடன் வேறு வங்கியில்.
அதை என்னிடம் சொன்னதற்காக
மூர்சகான் அவளை முறைத்தான்.

கால்நடை என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
'நாலு இருந்தது. மூன்றை விற்று மெத்தை வாங்கினோம்.
மிச்சம் ஒன்று, வற்றிவிட்டது.'
காலையில் விருந்தாளிகள் மலைப்பால் கேட்கிறார்களாம்.
கடையில் பெட்டிப்பால் வாங்கி
மண்குடுவையில் ஊற்றி வைக்கிறாள்.
'பொய் இல்லை. மாட்டுப்பால்தான்.
எந்த மாடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.'

மாடு கன்று போடும்,
வட்டி குட்டி போடும்.
இரண்டுக்கும் புல் அறுக்கிற கை ஒன்றுதான்.
இதை நான் எழுதவில்லை,
எழுத இடமில்லை.

'பனிக்கு எந்தக் கட்டம்?' என்றாள்.
மார்ச்சில் சரிவு விழுந்து
பதினோரு நாள் மின்சாரம் இல்லை, பாதை இல்லை.
பனிக்குக் கட்டம் கிடையாது என்றேன்.
'அப்போ என் வருடத்தில் பாதியை
நீ எங்கே கொண்டுபோய் வைப்பாய்?'

படிவத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் 'பனி' என்று எழுதினேன்.
மேலாளர் அடித்துவிடுவார், தெரியும்.

இருட்டிவிட்டது, தங்கினேன்.
நாற்பது லரி வாங்கிக்கொண்டு
ரசீதும் கொடுத்தாள்.
மே மாத வருமானத்தில்
அந்த நாற்பதை நானே சேர்த்தேன்,
அந்த மாதத்தின் ஒரே எண்.

காலையில் வெந்நீர் வந்தது,
விறகடுப்பிலிருந்து, வாளியில்,
மூர்சகான் தூக்கிக்கொண்டு.