ஹைமா தாண்டினால்

ஹைமா தாண்டினால் சிக்னல் கிடையாது.
அதனால்தான் ஏழு வருட ஆபீஸ் மெயிலையும்
லேப்டாப்புக்குள் இறக்கி வைத்திருந்தேன்.
பதினான்கு ஜிபி.
மஸ்கட் தூங்கினாலும்
என் பையில் ஆபீஸ் விழித்திருக்கும் என்று
மெஸ்ஸில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

முதல் அடி மார்ச்சில்.
வால்வுக் குழியை நாற்பது சென்டிமீட்டர்
கிழக்கே தள்ளச் சொன்ன வரைபடம்
ஞாயிற்றுக்கிழமை வந்து மஸ்கட்டோடு நின்றுவிட்டது.
நான் வியாழக்கிழமையைத் திறந்து பார்த்து
இதுதான் கடைசி என்றேன்.
தில் பகதூரின் ஆட்கள் கான்கிரீட் ஊற்றினார்கள்.
இறுகிய பிறகு அவர்களே உடைத்தார்கள்.
ஹிலால் திட்டவில்லை.
உடைந்ததில் ஒரு துண்டை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
ரசீதுகள் பறக்காமல் இருக்க
இப்போதும் அதைத்தான் வைக்கிறேன்.

புத்தி மட்டும் வரவில்லை.

போன செவ்வாய்
ஹைமா பெட்ரோல் பங்கில் டீ குடித்துத் திரும்பினால்
பின்சீட்டில் பை இருந்த பள்ளம் இருந்தது.

என்னென்ன இருந்தது? மஸ்கட்டிலிருந்து ஃபெலிக்ஸ்.
எல்லாம்.
எல்லாம்னா?
சொல்லச் சொல்ல நாக்கு உலர்ந்தது.
நாற்பத்திரண்டு பேரின் பாஸ்போர்ட் நகல்,
யாருக்கு எவ்வளவு சம்பளம்,
நவாஸின் ரத்தப் பரிசோதனை,
வேலையைவிட்டு அனுப்பப்பட்ட ஒருவர்
இன்னும் ஒரு மாதம், ஒரே மாதம் என்று கெஞ்சியது.
சர்வரில் அதை எப்போதோ அழித்துவிட்டார்கள்.
என்னிடம் இருந்தது.

பயப்படாதே, அழிக்கச் சொல்லிக் கட்டளை போட்டாச்சு,
நெட்டில் ஏறிய நொடி துடைச்சிடும் என்றான்.
ஏறாவிட்டால்?
ஃபெலிக்ஸ் இருமினான்.

நெட்டே இல்லாமல் எல்லாம் நினைவிருக்கும்படி
நான்தானே அதைப் பழக்கினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு
இத்ரீஸ் மியா வந்து நின்றான்.
என் போட்டோவும் அதுக்குள்ளயா பாய்?
ஆமாம்.
அதில் எனக்கு மீசை இருக்கும், கண்டுபிடிக்க மாட்டான் என்று சிரித்தான்.
பிறகு, தரையைப் பார்த்தபடி:
ஓவர்டைம் லெட்டர் அனுப்பினீங்களே, பதில் வந்ததா?

அனுப்பு என்பதை நான் அழுத்தியது உண்மை.
கேம்ப்பில், ராத்திரி பதினொரு மணிக்கு.
அழுத்திவிட்டு மூடி வைத்தேன்.
பதினொரு நாளாகப் பதில் போடாத மேனேஜரை
அவனோடு சேர்ந்து நானும் திட்டினேன்.
அப்படி ஒன்று வந்து சேரவே இல்லை என்கிறான் ஃபெலிக்ஸ்.

எங்கோ ஒரு இருட்டில்
மூடிய திரைக்குப் பின்னால்
அது அவுட்பாக்ஸில் உட்கார்ந்திருக்கிறது.
யாரோ ஒருவன் அதை நெட்டில் சேர்க்கும்போது
கட்டளை உள்ளே வரும்,
கடிதம் வெளியே போகும்.
எது முந்தும் என்று கேட்டேன்.
நல்ல கேள்வி என்றான் ஃபெலிக்ஸ்.

கான்கிரீட் துண்டை நகர்த்தி
ஒரு தாளை உருவினேன்.
இத்ரீஸ் மியா, கூடுதல் வேலை,
நூற்றுப் பதினெட்டு மணி நேரம்.
இல்லை, இருபத்தெட்டா?
அந்தக் கணக்கும் அதற்குள்ளேதான்.